பற்றை விட்டேனா, மரத்துப்போனேனா?

கேள்வி: எனக்கு வயது 46. ஏழு மாதங்களுக்கு முன் என் தந்தை காலமானார். நான் அழவில்லை. செய்ய வேண்டியவற்றையெல்லாம் செய்துவிட்டு, சில நாட்களிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டேன். 'தாமரை இலைத் தண்ணீர்போல இருக்கிறாய், பெரிய பக்குவம்' என்று உறவினர்கள் பாராட்டினார்கள். ஆன்மிக நூல்களை நிறைய வாசிக்கிறேன். காலையும் மாலையும் நெடுநேரம் தியானம் செய்கிறேன். எல்லா நூல்களும் பற்றை விடு என்றுதான் சொல்கின்றன. என் தம்பி குடிக்கு அடிமையானவன். அவன் பொருட்டு நான் சந்தித்த ஆலோசகர், 'அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்' என்றார். அவனுடைய அழைப்புகளை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். அலுவலகத்தில் நடந்த ஒரு பயிற்சியிலும், 'வேலையிலிருந்து மனத்தளவில் விலகக் கற்றுக்கொள்ளுங்கள்' என்றார்கள். இப்போது எனக்குத் துக்கமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. சில நேரங்களில் நான் பேசுவதை வேறு யாரோ பேசுவதாகத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மனைவியோ, 'நீங்கள் வீட்டில் இருந்தும் இல்லை' என்கிறார். தேர்வில் முதலிடம் பெற்ற செய்தியைச் சொல்ல ஓடிவந்த மகள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். நான் பற்றின்மையை அடைந்திருக்கிறேனா, எனக்கு ஏதேனும் நோயா? (பதற்றத்துக்காக இரண்டு ஆண்டுகளாக ஒரு மாத்திரை எடுத்துவருகிறேன். அதனால் இப்போது தொந்தரவு எதுவும் இல்லை.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு சொல்வது ஓர் உளவியலாளர் செய்யக் கூடாத செயல். ஆயினும் நீங்கள் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டிருக்கும்போது நேரான விடை தராமல் நழுவ எனக்கு மனமில்லை. நீங்கள் எழுதியிருப்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நூல்கள் சொல்லும் பற்றின்மையை நீங்கள் அடைந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உணர்வு மரத்துப்போயிருக்கிறது என்றும், அதற்குரிய காரணத்தை ஒரு மனநல மருத்துவர் உங்களை நேரில் பார்த்துக் கண்டறிய வேண்டும் என்றுமே தோன்றுகிறது. உங்களிடம் 'விலகு' என்று சொன்ன மூன்று குரல்களும் மூன்று வேறு செயல்களைக் குறித்தன. நீங்கள் அவற்றை ஒரே கட்டளையாக எடுத்துக்கொண்டு, வாழ்க்கை முழுவதற்கும் விரித்துவிட்டீர்கள். அந்தக் கட்டளையின் மறைவில், யாரும் சொல்லாமலே நிகழ்ந்த நான்காவது விலகல் ஒன்று உங்கள் கண்ணுக்குப் படாமல் நின்றுவிட்டது.

அலுவலகப் பயிற்சியில் சொன்னது இவற்றில் எளியது. பணி நேரம் முடிந்த பின்னும் மனம் பணியையே சுற்றிக்கொண்டிருந்தால், உடல் ஓய்ந்திருந்தும் களைப்பு தீர்வதில்லை. ஆகவே மாலையில் பணியோடு சேர்த்து அதன் நினைவையும் இறக்கிவைக்கப் பழகுங்கள் என்பதே அந்த அறிவுரை. ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சோனன்டாக் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். அவரும் சார்லட் ஃப்ரிட்ஸும் 2007இல் வெளியிட்ட, ஓய்வுநேர அனுபவங்களை அளவிடும் வினாப்பட்டியலில், உடலும் மனமும் இறுக்கம் தளர்ந்திருத்தல், புதிய திறன் ஒன்றில் தேர்ச்சி பெறுதல், தன் நேரத்தைத் தானே தீர்மானித்தல் ஆகியவற்றுடன் இந்த விலகலும் ஒரு கூறாக இடம்பெற்றது. இதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மறுநாள் தெளிந்த மனத்தோடு பணிக்குத் திரும்புவதே இதன் பயன். பகலிலும் பணியில் மனம் ஒட்டவில்லை என்றால் அது வேறு செய்தி. உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வை விளக்கும்போது, ஆற்றல் வற்றிப்போவதையும் செயல்திறன் குறைவதையும் சொல்வதோடு, பணியிலிருந்து மனம் தொலைவாகிப்போவதையும் அதன் அடையாளமாகச் சொல்கிறது. (அதை நோய் என்று அந்நிறுவனம் கூறவில்லை; பணிச்சூழலில் நேரும் ஒரு நிலையாகவே வகைப்படுத்துகிறது.) உங்கள் பணியைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை என்பதால் இதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை.

தம்பியைப் பற்றிய அறிவுரை இதைவிடச் சிக்கலானது. அதை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அஞ்சுகிறேன். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951இல் தொடங்கப்பட்ட அல்-அனான் என்ற அமைப்பு, அன்போடு விலகி நிற்றல் என்ற கருத்தை நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறது. இந்த நோயை உண்டாக்கியவர் நீங்கள் இல்லை, இதைக் கட்டுப்படுத்தவும் உங்களால் இயலாது, குணப்படுத்தவும் இயலாது என்று அங்கே குடும்பத்தினருக்குச் சொல்லப்படுகிறது. அப்படி ஒப்புக்கொண்டவர், குடித்துவிட்டு வேலைக்குப் போகாத தம்பிக்காக அவருடைய அலுவலகத்துக்குப் பொய்க் காரணம் சொல்வதை நிறுத்துகிறார். குடியால் ஏறிய கடனை ஒவ்வொரு முறையும் தானே அடைப்பதை நிறுத்துகிறார். எத்தனை குப்பி குடித்தார் என்று எண்ணிக்கொண்டு தூங்காமல் கிடப்பதை நிறுத்துகிறார். தம்பியின் செயலுக்குரிய விளைவு தம்பியைச் சென்றடைய வழிவிடுவதும், அண்ணன் தன் வாழ்க்கையைத் திரும்பப் பெறுவதுமே இதன் நோக்கம். 'நீ குடித்திருக்கும்போது உன்னோடு பேச மாட்டேன், பணம் தர மாட்டேன். தெளிந்திருக்கும்போது எப்போது வேண்டுமானாலும் அழை, சிகிச்சைக்குப் போவதாக இருந்தால் நானே உடன் வருகிறேன்' என்று சொல்பவர் விலகியும் நிற்கிறார், அண்ணனாகவும் இருக்கிறார். எந்த அழைப்பையும் எடுப்பதில்லை என்ற நிலையில் விலகல் மட்டுமே மிஞ்சுகிறது. அதைவிட முக்கியமான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்த நேரத்தில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விலகி நில்லுங்கள் என்று உங்களிடம் சொன்ன ஆலோசகரும் இத்தகைய நேரத்தை மனத்தில் கொண்டு அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

இனி ஆன்மிக நூல்களுக்கு வருகிறேன். இவற்றில் எனக்குள்ள பழக்கம் ஒரு வாசகருக்குரியதுதான் என்றாலும், இந்நூல்களின் பெயரால் தம் வெறுமையைப் பெருமையாகச் சுமந்துகொண்டு உதவி தேடாமல் இருப்பவர்களை என் தொழிலில் சந்திக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்ற குறளை நீங்கள் அறிந்திருப்பீர்கள். எதிலிருந்தெல்லாம் நீங்குகிறோமோ அதனால் வரும் துன்பம் நமக்கில்லை என்னும் இந்தக் குறளைத் தனியே எடுத்துப் படித்தால், துன்பம் இல்லாதிருப்பதே நீங்கியதற்குச் சான்று என்று தலைகீழாகப் பொருள்கொள்ள இடமுண்டு. ஆனால் இக்குறள் இடம்பெற்றுள்ள துறவு என்ற அதிகாரம், பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் 35ஆவதாக வருகிறது; அது அடங்கியுள்ள துறவறவியலோ 25ஆவது அதிகாரமாகிய அருளுடைமையில் தொடங்கி, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை ஆகியவற்றைக் கடந்தே துறவுக்கு வருகிறது. அருளை வள்ளுவர் வேறோரிடத்தில் 'அன்பு ஈன் குழவி', அதாவது அன்பு பெற்றெடுத்த குழந்தை, என்கிறார். தன்னைச் சார்ந்தவர்மேல் வைத்த அன்பு முதிர்ந்து, தொடர்பு எதுவும் இல்லாத உயிர்கள்மீதும் அருளாகப் பரந்த ஒருவருக்கே துறவு சொல்லப்படுகிறது என்பதை இந்த வரிசையிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். பற்று என்பது அங்கே யான், எனது என்னும் பிடிப்பு. அந்தப் பிடிப்பு தளரும்போது பிறர் துன்பம் முன்னைவிடக் கூர்மையாகத்தான் தெரிய வேண்டும்.

பகவத் கீதையும் துறப்பவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பலனில் உரிமை கொண்டாடாமல் கடமையைச் செய் என்று 2ஆம் அத்தியாயத்தில் சொன்ன அதே நூல், 18ஆம் அத்தியாயத்தில் துறவை மூன்றாகப் பிரிக்கிறது. மயக்கத்தால் கடமையைக் கைவிடுவது தாமசத் துறவு. உடலுக்குத் துன்பம் என்று அஞ்சிக் கைவிடுவது ராஜசத் துறவு. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே அதன்மீதான பற்றையும் பலனையும் விடுவது மட்டுமே சாத்விகத் துறவு. வலிக்கும் என்பதற்காக விடுவதால் துறவின் பயன் கிட்டாது என்று அந்நூலே வெளிப்படையாகச் சொல்கிறது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் இன்னும் நுட்பமாகச் சென்று, சமநிலை என்னும் உயர்ந்த மனநிலைக்கு இரண்டு வகைப் பகைகளைக் காட்டுகிறார். விருப்பும் வெறுப்பும் அதற்குத் தொலைவில் நிற்கும் பகைகள். அறியாமையில் பிறந்த அக்கறையின்மை அதன் அருகிலேயே நிற்கும் பகை. அருகில் நிற்பதற்குக் காரணம், வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதே. பௌத்தத்தில் இந்தச் சமநிலை தனித்துச் சொல்லப்படுவதும் இல்லை. நேயம், கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல் ஆகிய மூன்றுக்குப் பிறகு நான்காவதாக வருகிறது. உங்கள் மகள் ஓடிவந்த அந்தக் கணத்தில் வேண்டியிருந்தது மூன்றாவதாகச் சொல்லப்பட்டதுதான் என்பதை இதைப் படிக்கும்போதே நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

அடிமையாய் இருந்து பின்னர் ஆசிரியரான கிரேக்க ஞானி எபிக்டெடஸ், நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்தறியும் பயிற்சியையே வாழ்நாள் முழுவதும் போதித்தவர். உணர்ச்சிகளை அடக்கிய கல்மனிதர்களை உருவாக்கிய மரபு என்று அவருடைய ஸ்டோயிக் மரபைப் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அவரோ, சிலையைப்போல உணர்வற்று இருக்கக் கூடாது, மகனாகவும் சகோதரனாகவும் தந்தையாகவும் குடிமகனாகவும் தன் உறவுகளுக்குரியதைச் செய்ய வேண்டும் என்று தம் மாணவர்களிடம் கூறியிருக்கிறார். வெவ்வேறான இத்தனை மரபுகள் பற்றின்மையை அக்கறையின்மையிலிருந்து பிரித்துவைக்க இவ்வளவு பாடுபட்டிருப்பதற்குக் காரணம், இரண்டையும் குழப்பிக்கொள்வது எல்லாக் காலத்திலும் எளிதாக இருந்திருக்கிறது என்பதே. எனவே நீங்கள் குழம்பியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது, யாரும் சொல்லாமல் நிகழ்ந்த அந்த நான்காவது விலகலுக்கு வருகிறேன். 1940களின் இறுதியில் லண்டனில் உளவியலாளர் ஜான் பௌல்பியோடு பணியாற்றத் தொடங்கிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்து தங்க நேர்ந்த சிறு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார். குழந்தை முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்தது. தாய் வராதபோது மெல்ல அடங்கித் துயரத்தில் ஆழ்ந்தது. அதன் பின்னும் பிரிவு நீடித்தால் மூன்றாவதாக ஒரு மாற்றம் வந்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது, கொடுத்ததை உண்டது, செவிலியரைப் பார்த்துச் சிரித்தது. குழந்தை சூழலுக்குப் பழகிவிட்டது என்று மருத்துவமனையினர் மகிழ்ந்தார்கள். ஆனால் தாய் வந்து நின்றபோது அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெரியாத யாரோ வந்ததைப்போல நடந்துகொண்டது. இந்த மூன்றாம் கட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் விலகல் என்பதுதான். தாங்க முடியாத ஏக்கத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனம் ஏக்கத்தையே அணைத்துவிட்டது என்பது அவர்களுடைய விளக்கம். 1959இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளிக்கப்பட்ட பிளாட் அறிக்கை, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்ததில் இந்த அவதானிப்புகளுக்குப் பங்கு உண்டு. அக்குழந்தைகளின் அமைதியைப் பெரியவர்கள் பக்குவம் என்று பாராட்டினார்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் நினைவில் வந்து நின்றது.

இந்த அமைதிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பின்வந்தவர்கள் அளந்தும் பார்த்தார்கள். தாய் அறையை விட்டுச் சென்று திரும்பும்போது ஓராண்டு நிறைந்த குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு சோதனை முறையை வகுத்திருந்தார். அதில் தாயைக் கவனிக்காததைப்போலப் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கும் இதயத் துடிப்பு ஏறியிருந்ததை ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் 1977இல் எழுதினார்கள். பெரியவர்களிடமும் இதற்கு இணையான ஒன்றை ஜேம்ஸ் குரோஸும் ராபர்ட் லெவன்சனும் 1993இல் கண்டார்கள். அருவருப்பூட்டும் காட்சிகளைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள் அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் அவர்கள் உணர்ந்த அருவருப்பு அதனால் குறையவில்லை, உடலின் சில எதிர்வினைகள் கூடவும் செய்தன. உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்கியபடி உரையாடுபவருக்கு எதிரில் அமர்ந்திருப்பவரின் இரத்த அழுத்தமும் ஏறுகிறது என்று எமிலி பட்லரும் குரோஸும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உங்கள் மனைவி சொன்னதைக் குறை கூறலாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் நிலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் நம்பகமான சான்றாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தந்தை மறைந்த நேரத்தில் அழாமல் இருந்ததை மட்டும் வைத்து நான் கவலைப்படவில்லை. மரணச் செய்தி வந்த முதல் நாட்களில் உணர்வு மரத்திருப்பது பலருக்கும் நிகழும். காரியங்களைச் செய்து முடிக்க அது உதவவும் செய்கிறது. கண்ணீர் விடாமலே முழுமையாகத் துக்கப்படுபவர்களும் உண்டு. ஆனால் ஏழு மாதங்களுக்குப் பிறகும் துக்கம் வரவில்லை, அதோடு மகிழ்ச்சியும் சேர்ந்து போய்விட்டது என்பதே என்னை நின்று யோசிக்க வைக்கிறது. நீடித்த துயரம் என்று இப்போது மருத்துவத்தில் வகைப்படுத்தப்பட்டிருக்கும் நிலையின் அறிகுறிகளில் உணர்வு மரத்தலும் ஒன்று. மனச்சோர்வு நோயிலும் துயரத்துக்குப் பதிலாக வெறுமையே முன்னால் நிற்பது உண்டு. 'அழக்கூட முடியவில்லை' என்பது அந்நோயாளிகள் சொல்லும் சொற்களில் ஒன்று. முன்பு விரும்பிய எதிலும் இன்பம் இல்லாமல் போவது அந்நோயின் இரண்டு முதன்மை அறிகுறிகளில் ஒன்றாகவே கருதப்படுகிறது. உங்கள் பேச்சை நீங்களே தள்ளி நின்று கேட்பதாக எழுதியிருப்பது, தன்னிலிருந்தே அந்நியப்பட்ட உணர்வு. மிகுந்த களைப்பிலும் அதிர்ச்சியிலும் சிறிது நேரம் இப்படித் தோன்றி மறைவது பலருக்கும் நேரும். அடிக்கடி வந்தால் அதற்கு மருத்துவப் பெயரும் சிகிச்சையும் உண்டு. (பற்றின்மை என்று பொருள்படும் சொல்லையே ஆளுமைக் கோளாறுகளின் ஒரு கூறுக்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அது இளமையிலிருந்தே தொடரும் இயல்பைக் குறிப்பது. உங்களிடம் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது என்பதால், இணையத்தில் தேடி அந்தப் பெயரை உங்களுக்குச் சூட்டிக்கொள்ள வேண்டாம்.)

அடுத்து, நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் கடந்து சென்ற செய்தி. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பரவலாகத் தரப்படும், மூளையில் செரோட்டோனின் செயற்பாட்டை மிகுவிக்கும் வகை மாத்திரைகள், அவற்றை எடுத்துக்கொள்பவர்களில் கணிசமானவர்களிடம் உணர்ச்சிகளை மழுங்கச் செய்கின்றன. பதற்றம் தணிந்த நிம்மதியில் இதைப் பலர் முதலில் கவனிப்பதில்லை; துக்கம், கோபம், மகிழ்ச்சி எல்லாம் ஒருசேரத் தட்டையாகிவிட்டதை வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் காண்கிறார்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரை அந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால், மாதக்கணக்கில் பக்குவம் என்று எண்ணியிருந்ததில் ஒரு பகுதி மாத்திரையின் விளைவாகவே இருக்கலாம். அளவைக் குறைப்பதாலோ மாற்று மருந்தாலோ இது சரியாக வாய்ப்புண்டு. ஆனால் எக்காரணம் கொண்டும் நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரக்கூடும், பழைய பதற்றமும் திரும்பலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவும் மனிதரை மந்தமாக்கி எதிலும் ஆர்வமற்றவராக்கும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பற்றின்மையையும் மரத்துப்போவதையும் எப்படித்தான் பிரித்தறிவது என்று நீங்கள் கேட்கலாம். எவ்வளவு குறைவாக உணர்கிறேன் என்று அளந்து பார்ப்பதில் பயனில்லை. பற்றற்றவரால் நெருங்கவும் முடியும், விலகவும் முடியும். தேவைப்படும்போது அவர் முழுமையாக ஒருவரிடம் வந்து சேர்கிறார், அவர் விரும்பியபடி காரியம் முடியாவிட்டாலும் உடைந்துபோவதில்லை. மரத்துப்போனவருக்கு விலகல் மட்டுமே இருக்கிறது, அதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்தில் மகிழ வேண்டும் என்று நீங்கள் விரும்பினீர்களா, விரும்பியும் எதுவும் எழவில்லையா? விரும்பியும் எழவில்லை என்றால், அங்கே நீங்கள் எதையும் துறக்கவில்லை. உங்களுக்கு உரிய ஒன்று உங்களிடம் இல்லாமல் இருந்தது. இன்னொன்றும் உண்டு. பற்றை விட்டவரிடம் முதலில் குறைவது, தான் எப்படித் தெரிகிறோம் என்ற கவலை. உறவினர்களின் பாராட்டு உங்களுக்கு இன்னும் ஆறுதலாக இருப்பதும், 'நோயா' என்ற கேள்வி உங்களை இவ்வளவு நீண்ட கடிதம் எழுத வைத்ததும் நல்ல அறிகுறிகள் என்றே கருதுகிறேன். உங்களுக்குள் யாரோ இதைப் பொருட்படுத்துகிறார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். மாத்திரையைப் பரிந்துரைத்த மருத்துவரையே முதலில் பாருங்கள். அவர் மனநல மருத்துவராக இல்லையெனில் அத்தகைய ஒருவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணமோ, இல்லாமலே போய்விடலாம் என்ற எண்ணமோ அமைதியான வடிவத்தில் வந்தாலும்கூட அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள். மரத்துப்போன மனத்துக்கு அத்தகைய எண்ணம் அச்சமூட்டாது, அதனால்தான் அது கூடுதல் ஆபத்தானது. தியானத்தை முற்றாக விட்டுவிட வேண்டியதில்லை, ஆனால் இப்போதைக்கு நேரத்தை வெகுவாகக் குறையுங்கள். ஜேரட் லிண்டாலும் வில்லபி பிரிட்டனும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தீவிரமாகத் தியானம் செய்தவர்கள் தமக்கு நேர்ந்த இடர்களை விவரித்தபோது, உணர்ச்சிகள் இல்லாமல் போவதையும் தன்னைத் தான் அந்நியமாக உணர்வதையும் குறிப்பிட்டார்கள். தள்ளி நின்று கவனிக்கும் பயிற்சி, ஏற்கெனவே தள்ளி நிற்கும் ஒருவருக்கு இப்போது தேவைப்படுவதன்று. கண்களைத் திறந்துகொண்டு நடப்பது, உடலால் செய்யும் வேலை, ஒருவரோடு எதிரெதிரே அமர்ந்து பேசுவது ஆகியவை உங்களுக்கு இந்த மாதங்களில் கூடுதலாக உதவும். தியானம் கற்றுத்தந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள். பொறுப்புள்ள ஆசிரியர் உங்களை இன்னும் ஆழமாகப் போகச் சொல்ல மாட்டார்.

மனைவியிடமும் மகளிடமும் இல்லாத உணர்ச்சியை நடித்துக் காட்டாதீர்கள். அவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 'எனக்குள் எதுவும் எழவில்லை, அது உங்களால் அன்று, எனக்கே அது கவலையாக இருக்கிறது, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மகள் சிறுமியாக இருந்தாலும் இதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணாத குழந்தை, தான் செய்தது போதவில்லை என்று எண்ணிக்கொள்ளும். அவளுடைய தேர்வைப் பற்றி இப்போது கேட்டாலும் காலம் கடந்துவிடவில்லை. எந்தப் பாடம் கடினமாக இருந்தது, எப்படிப் படித்தாள் என்று கேட்டு, அவள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். உணர்ச்சி வந்த பிறகுதான் செயல் என்று காத்திருக்கத் தேவையில்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் செயலை முதலில் தொடங்கி உணர்ச்சி பின்தொடர இடம்தருவது நன்கு நிறுவப்பட்ட வழிமுறை. தந்தையைப் பற்றியும் இருவரிடமும் பேசத் தொடங்குங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். இந்த மாற்றம் தந்தையின் மறைவுக்கு முன்பே தொடங்கியதா, மாத்திரையின் அளவு கூடியபோது வந்ததா, தியான நேரம் நீண்டபோது வந்ததா என்பதே மருத்துவர் முதலில் அறிய விரும்பும் செய்தியாக இருக்கும். அதை உங்களைவிட உங்கள் மனைவியால் துல்லியமாகச் சொல்ல முடியும். மாத்திரையின் பெயர், அளவு, எப்போது மாற்றப்பட்டது என்ற விவரங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். தம்பிக்கு அதற்கு முன்பே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். எந்த நிலையில் பேசுவீர்கள், எந்த நிலையில் பேச மாட்டீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும்.